வயல் நடுவே இரண்டாவது தடம்

பூதலூர் ஸ்டேஷனைத் தாண்டித் தஞ்சாவூர்ப் பக்கம் நடந்தபோது, பழைய தண்டவாளத்தை ஒட்டியே புதிதாக ஒரு மண்மேடு நீண்டு கிடந்தது. பொன்மலைக்கும் தஞ்சாவூருக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டருக்கு ரயில் விகாஸ் நிகாம் நிறுவனம் இரண்டாவது பாதை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. கோடை. வாய்க்கால்கள் வறண்டிருந்தன. வேலை அத்தனை மும்முரமாக நடந்ததற்கு அதுவே காரணம். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். தண்ணீர் வராத அந்த நான்கைந்து மாதத்துக்குள் வாய்க்கால் பாலங்களின் அடித்தளத்தை முடித்தாக வேண்டும். காவிரி டெல்டாவில் உழவருக்கு மட்டுமல்ல, ரயில் பாதை போடுகிறவர்களுக்கும் மேட்டூர்தான் நாள் குறிக்கிறது.

நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பிய ரயில் பாதை 1861-ல் தஞ்சாவூருக்கும், 1862-ல் திருச்சிக்கும் வந்தது. முதலில் அகலப் பாதை, பிறகு மீட்டர் கேஜ், 1990களின் இறுதியில் மறுபடியும் அகலப் பாதை. தடத்தின் அகலம் மாறி மாறி வந்தது. ஆனால் இந்த வேலைக்கு முன் இருந்தது ஒரே தடம்தான். ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால் ஒன்று ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்க வேண்டும். பெரும்பாலும் ஒதுங்குவது கூட்ஸ் வண்டிதான். 2009-ல் காரைக்கால் துறைமுகம் வந்தது. 2011-ல் நாகூர்–காரைக்கால் பாதையும் திறந்தது. அதன்பின் நிலக்கரி வண்டிகளும் இந்த வழியில் சேர்ந்துகொண்டன. அறுவடைக் காலத்தில் நெல் வண்டிகள் வேறு. 42 வேகன் கொண்ட ஒரு ரேக்கில் ஏறக்குறைய 2,000 டன் நெல் போகும். 40 கிலோ மூட்டை என்று கணக்கிட்டால் 50,000 மூட்டை. ரேக் திரும்பி வரத் தாமதமானால் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் தேங்கும். தேங்கிய நெல் மழையில் நனையும். இரண்டாவது தடத்தின் தேவை இங்கே களத்துமேட்டிலிருந்தே தொடங்குகிறது.

மண்மேட்டின் மேல் ரோடு ரோலர் போய் வந்துகொண்டிருந்தது. ஒரு அடுக்கு மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, இறுக்கி, சோதனை செய்து, தேறினால்தான் அடுத்த அடுக்கு. ரயில்வேயில் 'மேட்' ஆக, அதாவது தடப் பராமரிப்புக் குழுவின் தலைவராக இருந்து ஓய்வு பெற்று, இங்கே மேற்பார்வைக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் வயல் மண்ணைக் கையில் அள்ளிப் பிசைந்து காட்டினார். உருட்டினால் உருண்டது, காய்ந்த இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது.

"இரும்பு எங்க போட்டாலும் ஒண்ணுதான் தம்பி. மண்ணுதான் ஊருக்கு ஊரு மாறும். இது நனைஞ்சா ஊதும், காஞ்சா சுருங்கும். இதும்மேல நேரா ஜல்லியப் போட்டா, ரெண்டு மழையில ஜல்லிய முழுங்கிரும்."

அதற்காகத்தான் களிமண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே சரளையும் மணலும் கலந்த ஓர் அடுக்கு போடுகிறார்கள். 'பிளாங்கெட்' என்று அதற்குப் பெயர். மண் மோசமாக இருக்கும் இடங்களில் ஒரு மீட்டர் கனம்கூட வரும். அடியில் இருக்கும் களி சேறாகி மேலே ஏறாமல் அது தடுக்கிறது. அதற்கு மேல் ஓர் அடி கனத்துக்கு ஜல்லி, பிறகு கான்கிரீட் ஸ்லீப்பர், பிறகு தண்டவாளம். ஒரு ஸ்லீப்பரே கால் டன்னுக்கு மேல் இருக்கும். கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர்.

மண்மேட்டின் சரிவில் ஒரு விவசாயி நின்றிருந்தார். பழைய பாதைக்கு அடியில் போகும் குழாய்ப் பாலத்தின் வாயையும், புதிய மேட்டின் அடியில் அதற்கு நேராகப் பதித்திருந்த குழாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரயிலு எப்பிடியும் போயிரும் சார். ஐப்பசி அடைமழையில எங்க தண்ணி வடியுமா, அதைச் சொல்லுங்க."

அந்தக் கேள்விதான் இந்த வேலையின் மையம். டெல்டா நிலம் கடலை நோக்கி மிக மெல்லச் சரிகிறது. குறுக்கே எழும் மேடு எதுவும் அணை மாதிரிதான். குழாய் அரை அடி கூடுதல் உயரத்தில் பதிந்துவிட்டால் போதும், மேல் பக்கத்து நடவு அழுகிவிடும். தேங்கும் அதே தண்ணீர் மண்மேட்டின் அடியையும் ஊறவைத்துத் தடத்தை இறக்கிவிடும். வயலுக்குக் கெடுதல் செய்யும் தண்ணீர் ரயிலுக்கும் கெடுதல்தான். மேட் பெரியவர் லெவல் கருவியை வரவழைத்து, குழாயின் அடிமட்டத்தை விவசாயியின் கண்ணெதிரே இன்னொரு தடவை அளக்கச் சொன்னார். இரண்டு குழாய்களின் மட்டமும் ஒத்துப்போனது.

கொஞ்ச தூரத்தில் தெர்மிட் வெல்டிங். அந்தக் குழுவில் இருந்தவர்கள் ஜார்கண்ட், பீகார் இளைஞர்கள். இரண்டு தண்டவாள முனைகளுக்கு நடுவே 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ஒரு மீட்டர் நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தார்கள். முனைகள் சேரும் இடத்தை ஒரு நூலளவு உயர்த்தியே வைக்கிறார்கள். ஆறும்போது அது இறங்கும். அச்சைப் பூட்டி, சந்துகளில் ஈர மணலை அப்பி, முனைகள் சிவக்கும்வரை சூடேற்றினார்கள். மேலே இருந்த மூசையில் அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும். பற்றவைத்ததும் கண் கூசும் வெளிச்சம். 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெப்பம். அரை நிமிடத்துக்குள் உருகிய எஃகு அச்சுக்குள் இறங்கியது. எஃகு உறைந்ததும் சூடு ஆறுவதற்குள் பிதுங்கியதை வெட்டி, பிறகு அரைத்து வழித்தார்கள். குழுவிலேயே வயதில் சின்னவர் மூட்டின் பக்கத்தில் தேதியையும் வெல்டரின் குறியீட்டு எண்ணையும் பெயின்டால் எழுதினார். நாளைக்கு அந்த மூட்டு விட்டால் யார் போட்டது என்று தெரியும். இவ்வளவு பொறுப்பை ஏற்கிற கைக்கு, வேலை முடிந்ததும் அடுத்த வேலை எங்கே என்று தெரியாது.

திடீரென்று விசில். வண்டி வருகிறதா என்று லுக்-அவுட் பார்ப்பவர் ஊதியது அது. எல்லாரும் கருவிகளை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். வேகக் கட்டுப்பாட்டில் ஒரு கூட்ஸ் வண்டி பழைய தடத்தில் மெதுவாகக் கடந்தது. வெறும் நிலத்தில் புதுப் பாதை போடுவதைவிட, வண்டி ஓடுகிற தடத்துக்குப் பக்கத்தில் போடுவது கடினம். அருகே தோண்டினால் பழைய மேடு சரியக்கூடாது. ஒரு கடப்பாரைகூடத் தடத்தின் மேல் கிடக்கக்கூடாது. விசில் ஊதுபவரின் கவனத்தை நம்பித்தான் அத்தனை பேரும் குனிந்து வேலை செய்கிறார்கள்.

இன்று அந்த வழியில் இரண்டு தடத்திலும் வண்டிகள் ஓடுகின்றன. தஞ்சாவூருக்குக் கிழக்கே திருவாரூர், நாகப்பட்டினம் வரைக்கும், வடகிழக்கே கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக விழுப்புரம் வரைக்கும் இரட்டைப் பாதை வேண்டும் என்று மக்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நியாயமான கோரிக்கை, நெல் விளையும் நாடே அங்கேதான் விரிகிறது. ஆனால் கிழக்கே போகப் போக நிலம் இன்னும் தாழ்வு, களி இன்னும் ஆழம், வடிகால் இன்னும் மந்தம். வரைபடத்தில் கோடு இழுக்கும் முன்பே ஊர் ஊராகப் போய், எந்த வாய்க்கால் எந்த மாதம் எவ்வளவு உயரத்துக்கு ஓடும் என்று உழவரிடம் கேட்க வேண்டும். மண்ணைப் பிசைந்தே குணம் சொல்லும் அந்த மேட் மாதிரி ஆட்களை ஓய்வுக்குப் பிறகும் தேடிப் பிடித்து இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்க வைக்க வேண்டும். தண்ணீருக்கு வழிவிட்டுப் போடும் தடத்தில்தான் நெல் வண்டி தடையில்லாமல் ஓடும்.