சிடி போடும் இடம் இல்லையா? பென்டிரைவ் போதும்!



அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி உங்கள் வீட்டு பீரோவில் தூங்குகிறதா? அப்படியானால் இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் நம் கொல்லிமலைப் பிள்ளைகளும் கணினி பெற்றார்கள். செம்மேட்டில் என்னிடம் படித்த ஒருவரின் மகனுக்கு 2018-ல் கிடைத்தது. இப்போது தங்கை கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். கணினியோ விண்டோஸ் திறக்காமல் பாதியில் நின்றுவிடுகிறது. கீழே ஒரு கடையில், "இதுல சிடி டிரைவே இல்ல, புதுசு வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டார்களாம். "மிளகு வித்த காசை எடுத்துடட்டுமா டீச்சர்?" என்று அப்பா வந்து நின்றார். அது மகளின் விடுதிக் கட்டணத்துக்கு வைத்த காசு.

"பொறு தம்பி, பார்க்கலாம்" என்றேன். என் கணினிக்கு மருமகன் செய்ததை அருகில் உட்கார்ந்து நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

லினக்ஸ் மின்ட் இலவசம். அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற வகை பழைய கணினிக்கும் இலேசானது. மலையில் நெட் விட்டுவிட்டு வருவதால், நாமக்கல் போனபோது அந்த ஐஎஸ்ஓ கோப்பை இறக்கிக்கொண்டேன். அதை 8 ஜிபி பென்டிரைவில் வெறுமனே காப்பி செய்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் எழுத வேண்டும். அப்போது பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும், கவனம்.

பிறகு பென்டிரைவைச் செருகி, கணினியை ஆன் செய்தவுடன் எஃப்12 விசையை விட்டுவிட்டு அழுத்தினோம். (எச்பி என்றால் பெரும்பாலும் எஃப்9.) வந்த பட்டியலில் யுஎஸ்பியைத் தேர்ந்தெடுத்தோம். எதையும் நிறுவாமலே, பென்டிரைவிலிருந்தே திரை திறந்தது!

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். உள்ளே அண்ணனின் சான்றிதழ் நகல்களும், காலமான பாட்டியின் படங்களும் இருந்தன. பாட்டிக்கு வேறு படமே கிடையாது. எல்லாவற்றையும் இன்னொரு பென்டிரைவுக்கு மாற்றி, திறந்து பார்த்த பிறகே நிறுவச் சொன்னேன். வட்டை முழுவதும் அழித்து நிறுவினால் பழையது திரும்பாது.

முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. விசைகளை அழுத்தியது எல்லாம் அந்தப் பெண்தான், நான் நோட்டைப் படித்துக் காட்டினேன். தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துவிட்டாள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இனி இன்னும் பல கணினிகளைப் "பழசு" என்பார்கள். தூக்கிப் போடாதீர்கள், கண்ணுகளா. இந்தப் பென்டிரைவ் என்னிடமே இருக்கிறது. வேண்டியவர்கள் வீட்டுக்கு வாருங்கள். நோட்டும் தருகிறேன், காப்பியும் தருகிறேன்.