ஒருபக்கத் தேய்மானம்

முன் டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது என் மகள். ஸ்கூட்டரில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு வருகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தின் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் மட்டும் சொட்டைப்பா" என்றாள். குனிந்து பார்த்தேன். இடது தோளில் பட்டன்கள் புதிதுபோல் நின்றன. வலது தோள் உள்ளங்கை மாதிரி வழுவழுவென்றிருந்தது. அந்த டயர் போட்டு எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

வண்டி அப்பாவுடையது. 1994-ல் வாங்கிய பஜாஜ் சேத்தக். ராணா பிரதாபின் குதிரையின் பெயர் என்று தெருவில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாராம். 1972-ல் வரத் தொடங்கிய வண்டி. ஸ்கூட்டர் செய்வதையே விட்டுவிடுவதாகக் கம்பெனி 2009-ல் அறிவித்தது. பிறகு அதே பெயரில் ஒரு மின்சார வண்டி வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் பெயரளவில்தான். அப்பா மரக்காணத்தில் ஓர் உப்பள முதலாளியிடம் கணக்கெழுதினார். நான் அங்கேயே ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. அவர் போன வழியில், அவர் போன வண்டியில் போய்வருகிறேன்.

அனுமந்தை என்றால் காரில் போகிறவர்களுக்கு ஒரு சுங்கச்சாவடி. இருந்து வாழ்கிறவர்களுக்கு உப்புக்காற்று. இந்தக் காற்றில் இரும்பு நிலைப்பதில்லை என்பது இங்கே பழைய சேதி. புறநானூற்றில் ஔவையார் பொகுட்டெழினியை, உமணர்கள் தங்கள் வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போகும் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். உப்பு வண்டிக்காரன் அச்சு முறியலாம் என்று எதிர்பார்த்தே கிளம்பியிருக்கிறான். என்னிடமும் ஸ்டெப்னி இருந்தது. ஆனால் முறிவதற்குத்தான் மாற்று உண்டு. கொஞ்சம் கொஞ்சமாகக் கோணிக்கொள்வதற்கு எதைக் கட்டிக்கொண்டு போவது?

வண்டி கோணிக்கொண்டிருந்தது எனக்கு ஒருவிதமாகத் தெரிந்துதான் இருந்தது. நாற்பதைத் தாண்டினால் ஹேண்டில்பார் நடுங்கும். பிடியைத் தளர்த்தினால் வலப்பக்கம் இழுக்கும். இடப்பக்கம் திருப்பும்போது ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்பும். இதையெல்லாம் வண்டியின் சுபாவம் என்று வைத்துக்கொண்டிருந்தேன். பழகிவிட்ட குறைகளுக்குச் சுபாவம் என்று பெயர் கொடுப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

விளக்கங்களுக்குக் குறைவில்லை. டயர் கடைக்காரர் சாலையைக் குற்றம் சொன்னார். சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிகிறது. இடது ஓரமாகப் போகிற வண்டி நிமிர்ந்து நின்றாலும் டயரின் வலது தோள்தான் அழுந்தும். என்னோடு கவுண்டரில் இருப்பவர், இந்த வண்டிக்குப் பிறவியிலேயே கோணல் என்றார். எஞ்சின் வலப்பக்கம் தொங்குகிறது. ஓட்டுகிறவன் இடப்பக்கம் சாய்ந்து ஈடுகட்டுகிறான். வண்டி வலப்பக்கம் சாய்கிறது. புதுச்சேரியில் ஒரு பெரிய கடையில் கோன் செட் லூஸ் என்று சொல்லி மாற்றி, நன்றாக இறுக்கி அனுப்பினார்கள். அதன்பின் நடுக்கம் போய், வண்டி குடித்தவன்போல் மெதுவாக இங்குமங்கும் அலைந்தது. மூன்று விளக்கங்களிலும் உண்மை இருந்தது. நான் இன்னொரு புது டயர் போட்டேன்.

இங்கே வேறொன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. சென்ற வருடம் ஒரு மூத்த கவிஞரின் பிந்தைய தொகுப்புகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அவர் மொழியின் ஒரு பக்கம் மட்டுமே தரையில் படுகிறது, மறுபக்கம் உராய்வையே அறியாமல் புதிதாக நிற்கிறது என்பது அதன் சாரம். அப்போது இந்த உவமை எனக்குத் தோன்றவில்லை, தோன்றியிருந்தால் உபயோகித்திருப்பேன். நண்பர்கள் துல்லியமான கட்டுரை என்றார்கள். கவிஞர் தொலைபேசியில், "படிச்சேன். சரியாத்தான் பார்த்திருக்கீங்க" என்றார். அதற்குமேல் பேசவில்லை. அவர் மனைவி ஆறு வருடங்களாகப் படுக்கையில் இருப்பது எனக்குத் தெரியும். எந்த ஆறு வருடங்கள் என்பதும் தொகுப்புகளின் தேதிகளோடு சேர்த்துத் தெரியும். பிரதிக்கு வெளியே கால் வைக்கக்கூடாது என்பது பி.ஏ. ஆங்கில வகுப்பில் நான் கற்ற பாடம். அந்தப் பாடம் முழுக்கத் தவறென்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

மார்ச் மாதம் ஒரு சாயங்காலம், உப்பளங்களுக்கு நடுவே கரைமேல் வந்துகொண்டிருந்தோம். பின்னால் மனைவி, முன்னால் மகள். எதிரே உப்பு லாரி. ஒதுங்கினேன். முன் சக்கரம் லாரித் தடம் ஒன்றில் இறங்கியது. திருப்பினேன், ஹேண்டில் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. தடத்தோடு போய்ச் சாய்ந்தோம். மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மனைவியின் முழங்கை சிராய்த்து, சிராய்த்த இடம் உப்பில் போய்ப் பதிந்தது. அவள் சத்தம் போடவில்லை. என்னையும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஷேர் ஆட்டோவில் போனாள்.

என்னோடு கல்லூரியில் மில்டன் படித்த நண்பன் ஒருவன் கனடாவில், கியூபெக்கில் இருக்கிறான். விழுந்த கதையைச் சொன்னபோது சிரித்தான். அவனிடம் ஒரு பனிவண்டி இருக்கிறது. பாம்பார்டியே என்பவர் 1959-ல் அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்கி-டூவின் வாரிசு. முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குக் கட்டைகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் உலோகத் தண்டு, பனியைக் கவ்வித் திருப்புவதற்கு. அந்தத் தண்டு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால், முன்னால் போன வண்டியின் தடம் எதைக் கண்டாலும் அதற்குள் ஓடுமாம். கட்டைகளின் மூக்கு இரண்டும் இம்மி வெளிப்பக்கம் விரிந்திருக்க வேண்டுமாம். "தண்டை மாத்தினேன், மறுபடி தேஞ்சுது. அப்புறம்தான் மேலே புஷ்ஷைப் பார்த்தேன்" என்றான். ஒரு படமும் அனுப்பினான். வெள்ளை வெளி, தூரத்தில் குவியல்கள். ஏப்ரல் மாத உப்பளம் என்று மகள் நினைத்தாள்.

மரக்காணம் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பாய் இருக்கிறார். அப்பா காலத்திலிருந்து இந்த வண்டியைத் தெரிந்தவர். நான்தான் அவரிடம் போவதை விட்டிருந்தேன். முன் சக்கரத்தை அவர் பார்க்கவேயில்லை. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். சக்கரத்தோடு எஞ்சினே அசைந்தது. இந்த வண்டியில் பின் சக்கரம் கியர் பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட்டிலேயே மாட்டியிருக்கிறது. எஞ்சின் ஒரு நீண்ட போல்ட்டில், ரப்பர் புஷ்களின்மேல், ஊஞ்சல்போலத் தொங்குகிறது. ரப்பர் செத்துவிட்டால் எஞ்சின் கோணும், கூடவே பின் சக்கரமும். பின் சக்கரம் ஒரு திசையைப் பார்க்க, முன் சக்கரம் வாழ்நாள் முழுவதும் அதைத் திருத்திக்கொண்டே உருளும்.

பையனைக் கூப்பிட்டுக் கயிறு பிடிக்கச் சொன்னார். பின் டயரின் இரு ஓரத்திலிருந்தும் முன்வரைக்கும் நூல் இழுத்து, குந்தி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "ரெண்டு நூல் கோணி கீது சார். டயர மாத்திக்கினே இருந்தா டயர் கடக்காரன்தான் பொழைப்பான்." தச்சனுக்கு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கொத்தனுக்குக் கயிறு. எனக்கு மட்டும்தான் அது புத்தகம்.

கழற்றுவது லேசாக இல்லை. போல்ட் புஷ்ஷோடு துருப்பிடித்து ஒன்றாகியிருந்தது. இரண்டு ராத்திரி டீசல் ஊற்றி ஊறவைத்தும் அசையவில்லை. கடைசியில் ரம்பத்தால் அறுத்தார். வெளியே வந்த ரப்பர் கருங்கல் மாதிரி இருந்தது. ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் வெடித்து. புதிது சென்னை புதுப்பேட்டையிலிருந்து வந்தது. முன்னால் லிங்க் பின்னும் உப்பில் அரித்துப்போயிருந்ததால் அதையும் மாற்றினார். கோன் செட்டைத் தளர்த்தினார். முன் சக்கரம் தரையில் படாமல் தூக்கினால் ஹேண்டில் தன் கனத்தில் இரண்டு பக்கமும் தானாக விழவேண்டும், அதுதான் அளவு என்றார். தேய்ந்த டயரைத் தூக்கி எறியப் போனேன். "வெச்சிருங்க சார், ஸ்டெப்னிக்கு ஆவும். ஆனா முன்னாடி போடாதீங்க" என்றார்.

அந்தக் கட்டுரையை இரண்டு நாள் கழித்து எடுத்து வாசித்தேன். ஒரு வரியையும் மாற்ற முடியும் என்று தோன்றவில்லை. டயர் கடையில் உட்கார்ந்துகொண்டு எழுதியது என்று மட்டும் தெரிந்தது. கவிஞரைக் கூப்பிட இரண்டு தடவை எண்ணைப் போட்டு, மணி அடிக்குமுன் வைத்துவிட்டேன். என்ன சொல்வது? உங்கள் தேய்மானத்தைச் சரியாக அளந்திருந்தேன், அதைத் திரும்பச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றா?

வண்டி நேரானபின் ஒரு வாரம் எனக்கு ஓட்ட வரவில்லை. இடப்பக்கம் இடப்பக்கமாகப் போனது. இல்லாத இழுப்பை என் தோளும் இடுப்பும் இன்னும் எதிர்த்துக்கொண்டிருந்தன. பாயிடம் திரும்பப் போய், பழுது தீரவில்லை என்றேன். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "வண்டி கரெக்டா கீது. நீங்கதான் பழசுக்கு ஓட்றீங்க" என்றார். உப்பளத்தில் வாருகிறவர்களின் பலகைகளைக் கவனித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு மூலை தேய்ந்திருக்கும். ஒருவர் பலகையை இன்னொருவர் வாங்கி இழுத்தால் நாலு இழுப்பில் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அப்பாவின் இடது தோள் சற்றுத் தாழ்ந்திருக்கும். நடக்கும்போது தெரியும். கணக்குப் புத்தகங்களைப் பையில் போட்டு மாட்டிக்கொண்டு போனதால் என்று வீட்டில் எல்லோரும் சொல்வோம். இந்த முறை அவர் திண்ணையிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தபோது அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியைச் சுற்றிவந்தார். சீட்டைத் தட்டினார்.

"எப்படிடா ஓடுது?"

"இப்பதான்பா நேரா ஓடுது."

கொஞ்சநேரம் முன் சக்கரத்தைப் பார்த்தார். "எனக்கு எப்பவும் நேராத்தான் ஓடிச்சு" என்றார்.