பட்டனை அழுத்தும் அந்த நொடி

நீலகிரி வெலிங்டனில் வீட்டுக்கும் கார் ஷெட்டுக்கும் நடுவே ஒரு சரிவு இருக்கும். வீடு மேலே, ஷெட் கீழே ரோட்டோரம், இடையில் கல் படிகள். பேரக்ஸ் பக்கமும் பிளாக் பிரிட்ஜ் பக்கமும், ராணுவத்தில் ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்டவர்கள் தங்கள் பழைய ஜீப்பையும் ஜிப்சியையும் சொந்தக் கையாலேயே பழுது பார்க்கிறார்கள். அவர்களில் சிலர் இப்போது போர்ட்டபிள் சிசர் லிஃப்ட் வாங்குகிறார்கள். மோட்டாரும் எண்ணெய் டேங்கும் சேர்ந்த பவர் பேக்கோடு தள்ளிக்கொண்டு போகிற வகை. லிஃப்ட் வந்து இறங்கியதும் எனக்குப் போன் வரும். "ஒரு பவர் பிளக் மட்டும் போட்டுக் கொடுங்க தம்பி, போதும்." அது போதாது.

1,200 கிலோ காரை ஒரு மீட்டர் உயரத்துக்கு 40 நொடியில் தூக்கக் கணக்குப்படி 300 வாட் இருந்தால் போதும். சமையலறை மிக்ஸி இதைவிட அதிகம் இழுக்கும். ஆனால் பவர் பேக்கின் தகட்டில் 2.2 கிலோவாட், அதாவது 3 ஹெச்.பி. என்று போட்டிருக்கும். காரணம் கத்திரிக் கால்கள். அவை தரையோடு படுத்துக் கிடக்கும்போது சிலிண்டருக்குப் பிடிமானமே இல்லை. முதல் சில அங்குலம் எழும்புவதற்குள் எண்ணெய் அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடும். கால்கள் நிமிர நிமிரத்தான் பளு குறையும். மோட்டார் இன்னும் முழு வேகம் பிடிக்காத நேரத்திலேயே பெரும் பளு வந்து நிற்கிறது. பாதி உயரத்தில் நிறுத்திவிட்டு மறுபடி பட்டனை அழுத்தினால் இன்னும் கஷ்டம், பளு அங்கே தயாராகக் காத்திருக்கும்.

ஓடும்போது 16 ஆம்பியர் வாங்கும் சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது 60 ஆம்பியரைத் தாண்டும். வீட்டு போர்டிலிருந்து ஷெட்டுக்கு 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 60 மீட்டர் செம்பு. 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அதன் தடை 0.73 ஓம். 60 ஆம்பியருக்கு 44 வோல்ட் ஒயரிலேயே தொலைந்துபோகும். 230-இல் மிஞ்சுவது 186. இழுவை வோல்ட்டேஜின் வர்க்கத்துக்குத் தக்கபடி குறைவதால் மோட்டாரின் பலத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். அது உறுமிக்கொண்டே நிற்கும், சுற்றாது. வேகம் வராததால் ஸ்டார்டிங் வைண்டிங்கைத் துண்டிக்கும் சுவிட்சும் திறக்காது. கண்டன்சர் சூடேறி வெடிக்கும். பிறகு, "லிஃப்ட் மட்டமான சரக்கு" என்று பேச்சு வரும்.

நான் 6 சதுர மில்லிமீட்டர் ஆர்மர்டு கேபிள்தான் இழுக்கிறேன். அதே 60 ஆம்பியருக்கு 11 வோல்ட்தான் இறங்கும். செலவு கூடுதல்தான், ஆனால் லிஃப்டுக்குக் கொடுத்த காசை நினைத்தால் இது ஒன்றுமில்லை. ஆர்மர்டு வேண்டும் என்பதற்குக் காரணம், இங்கே காட்டுப்பன்றி தோட்டத்தைக் கிளறிப் போட்டுவிடும். ஷெட்டில் 20 ஆம்பியர் மெட்டல் கிளாட் பிளக், வீட்டு போர்டில் சி டைப் எம்.சி.பி. பி டைப் வைத்தால் மூன்று மடங்கு கரண்டுக்கே விழத் தொடங்கும், ஒவ்வொரு ஸ்டார்ட்டிங்குக்கும் படியேறிப் போய்த் தூக்கிவிட வேண்டியதுதான். எக்ஸ்டென்ஷன் பெட்டியை நான் ஷெட்டுக்குள்ளேயே விடுவதில்லை.

வேலை முடிந்ததும் மீட்டரை லிஃப்ட் பிளக்கிலேயே வைத்து, மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும்படி மாற்றிவிட்டு, காரை ஏற்றிப் பட்டனை அழுத்தச் சொல்வேன். சும்மா இருக்கும்போது 228 காட்டுகிற லைன் எதையும் சொல்லாது. அந்த ஒரு நொடியில் வோல்ட்டேஜ் எங்கே போய்த் தொட்டது என்பதுதான் பதில். இந்தச் சோதனையைக் காலை ஏழு மணிக்குச் செய்வேன், எல்லா வீட்டிலும் கீசர் ஓடும் நேரம். காட்டேரி அருவியின் தண்ணீரில் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்குக் கரண்ட் எடுத்த மலை இது, 1932-இல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கிய மலை. ஆனாலும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி, வளைவுக்கு வளைவு கம்பம் மாறி வரும் கடைசி வீட்டுக்குக் காலையில் 205 தான் கிடைக்கும். அங்கே நம் ஒயர் தடிப்பாக இருந்தும் பயனில்லை. கூடுதல் லோடுக்கு மின்வாரியத்தில் எழுதிக்கொடுக்கச் சொல்லிவிடுவேன்.

ஜெனரேட்டர் போதாதா என்று கேட்பார்கள். ஊர் சுமார் 1,850 மீட்டர் உயரம். 300 மீட்டருக்கு மூன்றரை சதவீதம் என்று என்ஜின் பலம் குறைந்துகொண்டே வரும். சமவெளியில் 5 கே.வி.ஏ. கொடுப்பது இங்கே 4-ஐத் தாண்டாது. ஸ்டார்டிங் கரண்டுக்கு அது மூச்சுத் திணறும். வீட்டு இன்வெர்ட்டரை நினைத்தே பார்க்க வேண்டாம். ஜனவரி விடியலில் எண்ணெயும் கெட்டியாகிவிடும். 46 கிரேடுக்குப் பதில் 32 ஊற்றலாமா என்று லிஃப்டின் புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்கிறோம்.

பனி இறங்கும் ஷெட்டில் தரை எப்போதும் ஈரம். 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யும் ஷெட்டுக்கென்று தனி எர்த் குழியும் இல்லாமல் நான் சப்ளை கொடுப்பதில்லை. மழைக்காலத்தில் நன்றாக இருக்கும் எர்த், பாறை மண்ணில் மார்ச் மாதம் காய்ந்து கிடக்கும். அதனால் கோடையில்தான் அளக்க வேண்டும்.

வாங்கும்போது பலருக்குத் தோன்றாத விஷயம், கார் இறங்குவதற்கும் கரண்ட் வேண்டும் என்பது. காருக்கு அடியில் போகும் முன் லிஃப்டை மெக்கானிக்கல் லாக்கில் உட்கார வைக்க வேண்டும், எண்ணெயை நம்பி யாரும் கீழே போகக் கூடாது. ஆனால் லாக்கிலிருந்து எடுக்க, லிஃப்டை முதலில் கொஞ்சம் மேலே தூக்கித்தான் ஆக வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் கம்பியில் மரம் விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதுவரை வண்டி மேலேயே நிற்கும், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய இரவாக இருந்தாலும். சில பவர் பேக்கில் கைப்பம்ப் இருக்கிறது. அதை நாலைந்து முறை அடித்தால் லாக் விடுபடும், பிறகு வால்வைத் திறந்தால் காரின் எடையே அதை இறக்கிவிடும். ஆர்டர் கொடுக்கும் முன்பே போன் செய்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: கைப்பம்ப் இருக்கிற மாடலா, ஐயா?