மிக்கி வீட்டுக்குக் கீழே கடல்!

டோக்கியோ டிஸ்னிலேண்ட் டோக்கியோவில் இல்லை பாஸ்!

பேரைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. பழைய எடோ ஆற்றைத் தாண்டினால் டோக்கியோ முடிஞ்சு போச்சு. அந்தப் பக்கம் சிபா மாகாணம், உராயாசு நகரம். மிக்கி மவுஸுக்கு ரேஷன் கார்டு போட்டால் அட்ரஸ் அங்கேதான் வரும். எங்க அக்காவும் அத்தானும் குடியிருப்பது ஆற்றுக்கு இந்தப் பக்கம், நிஷி கசாய் என்கிற ஏரியா. 2000-ஐ ஒட்டி கம்ப்யூட்டர் வேலைக்கு ஜப்பான் போன இந்தியர்கள், ஆபீஸ்கள் இருக்கிற ஓட்டேமாச்சிக்கு ஒரே ரயிலில் போயிடலாம் என்பதால் இங்கே வந்து சேர்ந்தார்கள். இன்றைக்கும் ஸ்டேஷன் வாசலில் நின்றால், "ஏங்க, தயிர் வாங்கிட்டீங்களா?" என்று காதில் விழும். சத்தியமா!

செமஸ்டர் லீவில் அப்பா, அம்மா, நான் மூணு பேரும் தூத்துக்குடியிலிருந்து கிளம்பினோம். ஜனவரி இரண்டாவது திங்கள்கிழமை ஜப்பானில் அரசு விடுமுறை. சனி, ஞாயிறோடு சேர்த்தால் மூணு நாள். ஆறு வயசு அக்கா மகளுக்குத் தாத்தா, பாட்டியோடு டிஸ்னிலேண்ட் போகணும். அத்தான் டிக்கெட் போட்டுவிட்டார். 2023 அக்டோபரில் பெரியவங்களுக்கு ஒரு நாள் டிக்கெட்டை, கிழமையைப் பொறுத்து 7,900 யென்னிலிருந்து 10,900 யென் வரை என்று ஆக்கியிருந்தார்கள். லீவு நாள் என்றால் மேல் ரேட்டுதான். தலைக்கு ஆறாயிரம் ரூபாய் பக்கம் வரும் என்று நாங்கள் அம்மாவிடம் கடைசி வரை சொல்லவே இல்லை.

குளிர்? பகலில் ஒன்பது, பத்து டிகிரி. நம்ம கொடைக்கானல் மாதிரிதானே என்று நினைச்சீங்கன்னா செத்தீங்க. கடற்கரைக் காற்று என்று ஒன்று இருக்கே! அம்மா புடவைக்கு மேலே ரெண்டு ஸ்வெட்டர், அதுக்கு மேலே அக்காவோட கோட்டு, தலையில் குரங்குக் குல்லா. அப்பா மட்டும் பால்கனியில் நின்று மூக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வாடைக் காத்துல்லா இது... எல்லா ஊர்லயும் வாடை ஒண்ணுதான்" என்றார். முப்பது வருஷம் வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர். அவருக்கு எந்த ஊரும் முதலில் காற்றாகத்தான் அறிமுகமாகும்.

சனிக்கிழமை பக்கத்திலேயே கசாய் ரின்காய் பூங்காவுக்குப் போனோம். டோக்கியோ விரிகுடாவை ஒட்டிய பெரிய பார்க். ராட்சத ராட்டினமே 117 மீட்டர் உயரம். எல்லோரும் ராட்டினத்தைப் பார்க்க, அப்பா கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆத்து முகம், கலங்கல் தண்ணி... மீனு இல்லாம இருக்காதே. தொழிலுக்குப் போற ஆளுக எல்லாம் எங்க போனாவ?"

அத்தான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். தூரத்தில் டிஸ்னி கோட்டையின் கோபுர உச்சி. "அவங்க இருந்த இடம்தான் மாமா அது."

அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஷாப்பிங் புரோகிராம் கேன்சல். உராயாசு நகர அருங்காட்சியகத்துக்குப் போனோம். அனுமதி இலவசம் என்பதால் அம்மா எதிர்ப்பு தெரிவிக்கவில்லை.

சிவில் இன்ஜினீயரிங் மூணாம் வருஷம் படிக்கிற எனக்கு, டிஸ்னிலேண்டைவிட இந்தக் கதைதான் திரில். உராயாசு ஒரு மீனவ ஊர். சிப்பி, மட்டி, கடல்பாசி, இதுதான் பிழைப்பு. ஜப்பானில் அரிசி உருண்டையைச் சுற்றிக் கறுப்புத் தாள் மாதிரி இருக்குமே, நோரி, அந்தப் பாசி. 1958-ல் ஆற்றின் மேல்பக்கம் இருந்த பேப்பர் மில் கழிவுநீரைத் திறந்துவிட, கறுப்புத் தண்ணீர் கடலுக்கு வந்து சிப்பியெல்லாம் சாக ஆரம்பித்தது. மீனவர்கள் ஜூன் மாதம் மில்லுக்குள் புகுந்துவிட்டார்கள். போலீஸோடு மோதல், நிறைய பேருக்கு அடி. ஆனால், அதே வருஷ டிசம்பரில் ஜப்பான் அரசு தண்ணீர் மாசுக்கு எதிராக ரெண்டு சட்டம் போட்டது. அந்த நாட்டில் அந்த வகையில் முதல் சட்டங்கள் அவைதான்.

சட்டம் வந்தது. கடல் திரும்பி வரவில்லை. விரிகுடாவைச் சுற்றி ஃபேக்டரிகள் பெருத்துக்கொண்டே போக, 1962-ல் மீன்பிடி உரிமையில் ஒரு பகுதியும், 1971-ல் மொத்தமும் நஷ்டஈடு வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தார்கள். கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள். நாலரை சதுர கிலோ மீட்டர்கூட இல்லாத ஊர், கிட்டத்தட்ட நாலு மடங்கு ஆனது. கடலைத் தூர்க்கவே 1960-ல் ஆரம்பித்த ஓரியண்டல் லேண்ட் கம்பெனிதான் 1979-ல் டிஸ்னியோடு ஒப்பந்தம் போட்டு, 1983 ஏப்ரல் 15-ல் டிஸ்னிலேண்டைத் திறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே முதல் டிஸ்னி பூங்கா. இன்றைக்கும் பூங்கா அந்த ஜப்பான் கம்பெனியுடையதுதான். டிஸ்னிக்குப் போவது ராயல்டி.

அருங்காட்சியகத்தில் 1950-களின் மீனவத் தெருவையே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். குனிந்து நுழைகிற வீடு, மீன் கடை, புகையிலைக் கடை, நடுவில் சின்ன வாய்க்கால். அதில் 'பெகா' என்கிற ஒற்றை ஆள் படகு. தட்டையான அடி, ஒல்லி உடம்பு. அப்பா முதலில் கைவைத்தது அதன் அணியத்தில்தான். அங்கே விளக்கம் சொல்ல நின்றிருந்த பெரியவருக்கு எழுபது, எண்பது வயசு இருக்கும். அவருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு ஜப்பான் மொழி தெரியாது. அத்தான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் ரெண்டு பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர் பாசி வழிக்கிற மாதிரி கையைக் காட்ட, இவர் கயிற்றை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டுக் காட்ட, அவர் அதை அவிழ்த்து வேற மாதிரி போட்டுக் காட்ட... நாற்பது நிமிஷம்! அக்கா மகள் முதலில் வெட்கப்பட்டாள். அப்புறம் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். என் பையில் ஒரு அப்ளிகேஷன் இருந்தது. துறைமுகம், அலைத்தடுப்புச் சுவர் கட்டுகிற ஒரு கம்பெனியில் சம்மர் இன்டர்ன்ஷிப். கிளாஸில் எல்லோரும் 'செட்டில் ஆயிட்ட மச்சி' என்று டிரீட் கேட்கிறார்கள். வீட்டில் அதற்கு வேறு பேர். "கடல்ல கல்லைக் கொட்டுற வேல." அப்பா போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கையெழுத்துப் போடவேண்டிய இடம் காலியாகவே இருந்தது.

திங்கள்கிழமை. விடிகாலையிலேயே கேட்டில் கூட்டம். ஆனால், தள்ளுமுள்ளு இல்லை. திருச்செந்தூர் கூட்டம் சத்தமில்லாமல் நின்றால் எப்படி இருக்கும், அப்படி! உள்ளே நுழைந்தால் கடைவீதிக்கு மேலே முழுசாகக் கண்ணாடிக் கூரை. மழைக்கும் குளிருக்கும் பயந்து டோக்கியோவுக்காகவே போட்டது.

அப்புறம் பார்த்தால்... எங்கே திரும்பினாலும் கிமோனோ! தரையைத் தொடுகிற கை, கழுத்தில் வெள்ளை ரோமச் சால்வை, தலையில் பூ. பசங்க கோட் சூட்டில். விஷயம் என்னவென்றால், அந்தத் திங்கள்கிழமை லீவே 'பெரியவர்கள் ஆகிற நாள்'. ஊர் ஊருக்கு மேயர் விழா எடுப்பார். உராயாசு மட்டும் 2002-லிருந்து அந்த விழாவை டிஸ்னிலேண்டுக்குள் வைக்கிறது. மேடையில் மிக்கியும் மின்னியும் வாழ்த்துவார்கள். 2022-ல் சட்டப்படி மேஜர் வயசு 18 ஆகிவிட்டது, ஆனாலும் விழா 20 வயசுக்காரர்களுக்குத்தான். எனக்கும் 20. ஜீன்ஸும் அக்காவோட பழைய ஜெர்கினும். "நம்ம ஊர்ல இருவது வயசுக்கு என்னம்மா செய்வாங்க?" என்று கேட்டேன். "மாப்பிள பாப்பாவ" என்றார் அம்மா. கேட்டிருக்கவே கூடாது.

ரைடுகளில் என் ஓட்டு பூ கரடியின் தேன் வேட்டைக்குத்தான். 2000-ல் திறந்தது. தேன் ஜாடி மாதிரி வண்டி, ஆனால் கீழே தண்டவாளம் கிடையாது. ஒவ்வொரு ஜாடியும் தனியா சுத்துது, பின்னாடி போகுது, பக்கத்து ஜாடியை இடிக்கிற மாதிரி வந்து விலகுது. கம்ப்யூட்டர் இடம் பார்த்து ஓட்டுகிறது. நான் கரடியைப் பார்க்கவே இல்லை, தரையைத்தான் பார்த்தேன். இ.சி.இ. நண்பர்கள் மன்னிக்கணும், சிவில்காரியும் வாய்பிளக்கலாம்.

ஜங்கிள் குரூஸில்தான் காமெடி. படகோட்டி ஸ்டைலாகச் சுக்கானைத் திருப்பி முதலை, யானை என்று வசனம் பேச, எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா என் காதில், "ஏட்டி, சுக்கான் ஒரு பக்கம் திரும்புது, படகு அது பாட்டுக்குப் போவுது பாத்தியா?" என்றார். கரெக்ட்! தண்ணீருக்கு அடியில் தடம் இருக்கிறது. படகு அதில்தான் ஓடும். இத்தனை பேரில் கண்டுபிடித்தது அவர் ஒருத்தர்தான்.

அடுத்து அவரே தேடிப் பிடித்தது, பீவர் பிரதர்ஸ் கனோ. இதில் தடமும் இல்லை, மோட்டாரும் இல்லை. ஆளுக்கு ஒரு துடுப்பு, நாமே வலிக்கணும். "இச்சி... நி... இச்சி... நி..." என்று பணியாளர் எண்ண, முன்னாடி இருந்த பையன்கள் தண்ணீரை எங்கள் மேல் வாரி அடித்தார்கள். அப்பா நாலு தடவை சும்மா இருந்தார். அஞ்சாவது தடவை துடுப்பை இறக்கினார் பாருங்க... தண்ணி தெறிக்கவே இல்லை. படகு மட்டும் போச்சு. பின்னாடி நின்ற பணியாளர் "சுகோய்!" என்றார். சூப்பர் என்று அர்த்தம். உடனே அக்கா மகள் ஜப்பான் மொழியில் படகு முழுக்கக் கேட்கிற மாதிரி என்னமோ அறிவித்தாள். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்க தாத்தா நிஜ மீனவர்னு சொல்றா." அதுவரை அவள் தாத்தாவிடம் தமிழில் முழுசாகப் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

மதியச் சாப்பாடு புளியோதரை. வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது. அதனால் கேட்டுக்கு வெளியே இருக்கிற பிக்னிக் இடத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப நுழைந்தோம். அங்கே பாப்கார்னில் கறி மசாலா ஃபிளேவர் கிடைக்கும். அம்மாவின் தீர்ப்பு, "உப்பு பத்தல."

சாயங்காலம் பரேடுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே தரையில் ஷீட் விரித்து உட்கார்ந்தோம். அங்கே எல்லோரும் அப்படித்தான். தேருக்கு இடம் பிடிக்கிற அதே டெக்னிக். குளிரில் பல் தந்தியடித்தது. அப்பா தரையைத் தட்டிப் பார்த்தார். "தூத்த மண்ணுன்னா நிலநடுக்கத்துல உள்ள போயிராதா?"

என் சப்ஜெக்ட்! 2011 மார்ச் 11 பூகம்பத்தில் உராயாசுவில் தூர்த்த இடங்கள் பெரும்பாலும் கூழாகிவிட்டன. மேன்ஹோல்கள் தரைக்கு மேலே கிளம்பி நின்றன. தண்ணீர் ஊறிய இளக்கமான மணலைக் குலுக்கினால் துகள்களுக்கு நடுவில் தண்ணீரின் அழுத்தம் ஏறும். துகள் ஒன்றையொன்று தாங்காமல் மிதக்கும். ஈரக் கடற்கரையில் ஒரே இடத்தில் குதித்துப் பாருங்க, புரியும். அன்றைக்கு ரெண்டு பூங்காவிலுமாக 70,000 பேர் பக்கம் இருந்தார்கள். தலையில் ஏதும் விழாமல் இருக்க, பணியாளர்கள் கடையிலிருந்த பொம்மைகளை எடுத்துக் கொடுத்தார்கள். பார்க்கிங் ஏரியாவில் மண் கூழானது. பூங்காவுக்குள் பெரிய சேதம் இல்லை. காரணம், கட்டும்போதே குழாயை இறக்கி, மணலைக் கொட்டி, குத்திக் குத்தி மணல் தூண்கள் போட்டிருந்தார்கள். அரிசி மூட்டையைத் தட்டித் தட்டி இன்னும் ரெண்டு படி திணிப்போமே, அந்தக் கதைதான். ஏப்ரல் 15-ல் டிஸ்னிலேண்டைத் திரும்பத் திறந்துவிட்டார்கள்.

அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். மடியில் அக்கா மகள், பாக்கெட்டில் வைக்கிற சூட்டுப் பையை அவர் உள்ளங்கையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"முன்ன இங்ஙன எத்தன பாகம் தண்ணி கெடந்திருக்கும்?"

"பாகமெல்லாம் இல்லப்பா. வத்துனா முழங்கால் அளவுதான். சிப்பி பொறுக்குற இடம்."

"உன் கம்பெனி எத்தன பாகத்துல கொட்டுது?"

"12 மீட்டர் வரை போவாங்க. ஏழு பாகம் வச்சுக்கோங்க."

"அது வல போடுற ஆழம்லா."

நான் ஒன்றும் சொல்லவில்லை. விளக்குகளை அணைத்துவிட்டார்கள். தூரத்தில் பாட்டு ஆரம்பித்தது.

"கொட்டுறதுக்கு முன்னால கரையில யாருட்டயாவது கேப்பாவளா?"

"கேக்கணும்னு சட்டம் இருக்குப்பா."

"சட்டம் கெடக்கு. நீ கேப்பியா?"

"கேப்பேன்."

முதல் வண்டி வளைவில் திரும்பியது. லட்சக்கணக்கான பல்பு. அக்கா மகள் எழுந்து நின்று கத்த, பின்னாடி இருந்தவர்களுக்கு மறைக்குமே என்று அப்பா அவளை இழுத்து உட்காரவைத்தார். அப்புறம் கண்ணை வண்டியிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

"கடைசித் தேதி எப்பட்டி?"

"முப்பத்தொண்ணு."

"ம்... பேனா வச்சிருக்கியா?"