நான்கு 'க'

மூணாற்றுக்கு மேலே, தேயிலைச் சரிவொன்றின் லயத்தில் அவன் பாட்டியுடன் வளர்ந்தான். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். மூன்றாம் வகுப்பிலும் அவனுக்கு வாசிப்பு வரவில்லை. வரவில்லை என்பதைவிட, அவன் அதை வரவிடவில்லை.

காரணம் சோம்பலன்று. லயத்து அக்காமாரிடம் அவன் கற்ற தமிழில் 'க' ஒன்றே. காகத்திலும் தங்கத்திலும் அந்த ஒரே எழுத்து, இடத்திற்கேற்ப ஒலி மாறி நிற்கும். பள்ளிக் கரும்பலகையிலோ நான்கு 'க' நின்றன. அவற்றின் வேறுபாடு அவன் செவிக்கு எட்டவில்லை; எட்டாததைத் தவறு என்று திருத்தினார்கள். மெல்ல அவன் எழுத்துகளைப் படம்போல் வரையப் பழகினான். பார்த்து எழுதிய ஏடு அழகாயிருக்கும். அதை வாசிக்கச் சொன்னால் வாய் பூட்டிக்கொள்ளும்.

1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவானபோது தேவிகுளமும் பீர்மேடும் பாலக்காட்டுச் சித்தூரும் அதனுள் அமைந்தன. அதே ஆண்டு அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதி செய்யவேண்டும் என்கிறது. இவ்வட்டாரங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. ஆயினும் பிள்ளைக்கு நாளை வேலை வேண்டும் என்று கருதும் பெற்றோர் பலர் மலையாள வழியையே தேர்கிறார்கள். அந்தக் கணக்கைக் குறைசொல்வதற்கில்லை. அதன் விலையைக் கட்டுவது மட்டும் எட்டு வயதுக் குழந்தை.

ஓர் ஆடி மாத நண்பகல். விடாத மழை. ஒருவர் வந்து லயத்துச் சுவரில் ஒரு தாளை ஒட்டிவிட்டு அடுத்த லயத்துக்கு விரைந்தார். படித்தவர் எவரும் அப்போது அங்கில்லை. பாட்டி கேட்டாள்: "என்னலே போட்டிருக்கு?"

"தெரியாது பாட்டி" என்ற வழக்கமான பதில் நாவின் நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தான். 2020 ஆகஸ்டு 6 அன்று இரவு, பெட்டிமுடியில் லயங்களின்மேல் மலை சரிந்து 70 உயிர்கள் போன பிறகு, மழைநாளில் அவள் படுத்து உறங்கியதேயில்லை.

அவன் தாளின் அருகே சென்றான். முதல் சொல்லில் இரண்டே எழுத்துகள். கூட்டிப் பார்த்தான்: மழ. பள்ளியின் சொல் என்று அவன் அஞ்சியது பாட்டியின் வாய்ச்சொல்லாக ஒலித்தது. அடுத்தது நீளமான சொல்: மண்ணிடிச்சில். மண் தெரியும், இடிவதும் தெரியும். அவனை அச்சுறுத்திய எழுத்து ஒன்றுகூட அதில் இல்லை. 'ராத்ரி' என்பதை அவன் வாசித்தான். 'ஸ்கூள்' என்பதை வாசிக்கவே வேண்டியிருக்கவில்லை, நாள்தோறும் வாயிற்பலகையில் பார்த்த படம் அது.

"மழ பாட்டி. மண்ணு இடியுமாம். ராத்திரி ஸ்கூலுக்குப் போகணுமாம்."

பாட்டி மறுசொல் பேசவில்லை. கம்பளியையும் ரேஷன் அட்டையையும் ஒரு பையில் திணித்தாள். அடுத்தடுத்த கதவுகளைத் தட்டினாள். அன்றிரவு மலை இடியவில்லை. பள்ளியின் பெஞ்சில் அவள் பல நாள் கழித்து உறங்கினாள்.

அதே தேவிகுளம் வட்டத்தில்தான், கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலைக்குடி இருக்கிறது. அங்கே காட்டு நடுவே, சின்னத்தம்பி என்ற முதியவர் தம் தேநீர்க் கடையில் நூலகம் நடத்தினார். சாக்குப் பைகளில் நூல்களைக் காத்து முதுவான் மக்களுக்குப் படிக்கக் கொடுத்தார். வாசிப்பின் அருமையை அவர் எவருக்கும் போதிக்கவில்லை. மனிதர் வந்து அமரும் இடத்தில் புத்தகத்தை வைத்தார், அவ்வளவே.

எழுத்து அறிமுகம் என்பது நெடுங்கணக்கின் வரிசையில்தான் தொடங்கவேண்டுமா? குழந்தையின் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லிலிருந்து தொடங்கினால், நான்கு 'க'வும் பின்னால் வந்து சேராதா?

மறுநாள் காலை பாட்டி ரேஷன் அட்டையை எடுத்து அவன் முன் நீட்டினாள். "இதுல என் பேரு எங்கலே இருக்கு?"

அவன் தேடத் தொடங்கினான்.