கலயத்துச் சுண்ணாம்பு

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியில், திசையன்விளையைச் சூழ்ந்து, செம்மணல் பரந்த நிலங்கள் உள்ளன. அவற்றைத் தேரி என்பர். மழை அருகி, வெயில் மிகுந்த அந்நிலத்தில் வானுற ஓங்கி நிற்பவை பனைமரங்களே. வறட்சிக்கு அஞ்சாத அம்மரங்கள் பல தலைமுறைகளாக அங்குள்ள மக்களை ஊட்டி வளர்த்து வந்துள்ளன. இப்பகுதியிலேயே இடையன்குடி என்னும் ஊர் அமைந்துள்ளது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிஞர் கால்டுவெல், 1841-ஆம் ஆண்டு முதல் நெடுங்காலம் வாழ்ந்த ஊர் அது. அவர் முயற்சியால் 1847-இல் தொடங்கப்பெற்ற தேவாலயம் 1880-இல் நிறைவெய்தியது. 33 ஆண்டுகள் பொறுமையோடு எழுப்பப்பெற்ற அக்கோயிலை இன்றும் காணலாம்.

அவ்வூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் இளைஞன் ஒருவன் வாழ்ந்தான். அவனுக்கு முப்பது வயது நிரம்பவில்லை. எட்டு வயதுப் பெண்ணுக்கும் மூன்று வயதுச் சிறுவனுக்கும் அவன் தந்தை. அவனுடைய பாட்டனும் தந்தையும் பனையேறிப் பிழைத்தவர்கள். அவனும் அத்தொழிலையே மேற்கொண்டான். பங்குனித் திங்கள் முதல் ஆவணி வரை பதநீர் சுரக்கும் காலம். அக்காலத்தில் வைகறையில் எழுந்து, அருவாப்பெட்டியை இடையிற் கட்டிக்கொண்டு, முருக்குத்தடியுடன் புறப்படுவான். நாள்தோறும் 30 மரங்கள் ஏறி இறங்குவான். மாலையில் அவற்றையே மீண்டும் ஏறிப் பாளை சீவுவான். ஒவ்வொரு மரத்தின் அடியிலும் ஒரு கணம் நின்று கண்களை மூடுவான். அவன் செய்யும் காலை ஜெபம் அதுவே. ஏறுபவன் இறங்கி வருவது இறைவன் அருள் என்பதை அவன் ஐயுற்றதில்லை.

பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவது அத்தொழிலின் முறை. "இது எதற்கு, அப்பா?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். "தடவினால் வடிவது பதநீராக நிற்கும். தடவ மறந்தால் அதே பாளை, அதே கலயம், அதே நீர். ஆனால் பொழுது ஏறுவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். நேற்றுத் தடவினோமே என்று இன்று சும்மா இருத்தல் கூடாது" என்று அவன் விளக்கினான்.

அவன் இறக்கிய பதநீரை அவன் மனைவி விடிலியில் காய்ச்சுவாள். புகையிலும் அனலிலும் நெடுநேரம் நின்று துழாவிப் பதம் பார்த்து இறக்கி, சிரட்டைகளில் வார்த்துக் கருப்பட்டி ஆக்குவாள். சனிக்கிழமைதோறும் முதற் கருப்பட்டியை எடுத்து ஓலைப்பெட்டி ஒன்றில் வைப்பாள். அறுப்பின் பண்டிகையன்று அப்பெட்டி கோயிலுக்குப் போகும். அன்று நெல்லும் கோழியும் முட்டையும் காய்கனியும் காணிக்கையாகக் குவியும்; அவை ஏலத்தில் விற்கப்பெற்றுத் திருப்பணிக்கு உதவும். அக்குவியலில் தன் வீட்டுக் கருப்பட்டியைக் காண்பது அக்குடும்பத்தாருக்குப் பெருமகிழ்ச்சி.

ஓராண்டு அவனுடைய தந்தை நோயுற்றார். மருத்துவத்திற்காகக் கடன் வாங்க நேர்ந்தது. முதியவர் பிழைத்தார், கடன் மட்டும் நின்றது. அவ்வேளையில் கருப்பட்டி வாங்கும் வணிகர் ஒருவர் அவனை அழைத்தார்.

"தம்பி, பாட்டன் காலத்து வழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் உன் கடன் எந்நாளில் தீரும்? இரண்டு மூடை சீனி தருகிறேன். பதநீரோடு சேர்த்துக் காய்ச்சு. ஒன்று இருந்த இடத்தில் இரண்டு ஆகும். பார்ப்பவர்க்கு வேறுபாடு தெரியாது."

"அண்ணாச்சி, அது சரியாகுமா?" என்றான் அவன்.

"ஊரில் பலர் செய்கிறார்கள். நீ மட்டும் ஏன் வாடவேண்டும்? பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டாமா?"

பிள்ளைகள் என்ற சொல் அவன் உறுதியைத் தளர்த்தியது. மூடைகள் வீடு வந்தன. "பிள்ளை பெற்றவளுக்கு மருந்தோடு நம் கருப்பட்டியைக் கொடுப்பார்களே! நம்பி வாங்குவார்களே!" என்றாள் மனைவி. அவன் மறுமொழி கூறவில்லை. அவளும் மேலே பேசவில்லை. அந்த வாரம் விடிலியில் சீனி கலந்த கருப்பட்டி குவிந்தது. குவியல் பெரிதாயினும் அதைப் பார்த்து வீட்டில் ஒருவர் முகமும் மலரவில்லை.

சனிக்கிழமை வந்தது. காணிக்கைப் பெட்டியை எடுத்துக்கொண்டு மகள் அவனிடம் வந்தாள்.

"அப்பா, பெட்டியில் எந்தக் கருப்பட்டியை வைப்பது? சீனி கலந்ததையா, கலவாததையா?"

"இதென்ன கேள்வி? கலவாததை வை. கோயிலுக்குப் போவது அல்லவா?"

சிறுமி சற்றே சிந்தித்தாள். "அப்படியானால், கலந்தது யாருக்கு?"

அவள் குறும்பாகக் கேட்கவில்லை. அறிய விரும்பியே கேட்டாள். ஆனால், விடை இல்லாதவனுக்குச் சினமே விடையாக வந்தது. "பெரியவர்களிடம் வாயாடாதே!" என்று அதட்டி, அவள் முதுகில் ஓர் அடி வைத்தான். அதுவரை அவன் அவளை அடித்ததில்லை. அவள் அழவில்லை, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தாயின் பின்னே போய் நின்றாள்.

இரவு உணவுக்கு முன் குடும்பமாக முழந்தாளிட்டு ஜெபிப்பது அவ்வீட்டு வழக்கம். விளக்கின் முன் அனைவரும் கூடினர். பரமண்டல ஜெபத்தை மகள் சொல்ல, மற்றவர்கள் உடன் சொல்வர். அன்றும் அவளே தொடங்கினாள். பிறர் தமக்குச் செய்த பிழையைத் தாம் மன்னிப்பதுபோலத் தம் பிழையையும் மன்னிக்குமாறு ஆண்டவரை வேண்டும் இடம் வந்தது. சிறுமி தடையின்றிச் சொல்லிச் சென்றாள். அவன் நா மட்டும் எழவில்லை. பிழை செய்தவன் அவன். பிழைக்கு உள்ளானவள் அக்குழந்தை. மன்னிப்பதாக அவள் சொல்லி முடித்துவிட்டாள். கேட்கவேண்டியவனோ இன்னும் வாய் திறக்கவில்லை.

அன்றிரவு அவனுக்கு உறக்கம் வரவில்லை. முற்றத்தில் கிடந்து வானத்தைப் பார்த்தான். பனையோலைகள் காற்றில் சலசலத்தன. மகளின் கேள்வி மீண்டும் மீண்டும் எழுந்தது. 'நல்லது ஆண்டவருக்கு, கலந்தது அயலாருக்கு என்றால், நான் வணங்குவது யாரை? அயலாரை நேசி என்று சொன்னவர் இந்தக் காணிக்கையை எப்படி ஏற்பார்? பிள்ளைகளுக்காகச் செய்தேன் என்றேன். அந்தப் பிள்ளையின் கேள்விக்கே என்னால் விடை சொல்ல முடியவில்லையே!'

இடையன்குடிக் கோயில் அவன் நினைவுக்கு வந்தது. அதன் சுவரையும் சாளரத்தையும் காண்பவர் பலர். மண்ணுக்குள் மறைந்துள்ள அடித்தளத்தைக் காண்பவர் எவருமிலர். கண்ணுக்குத் தெரியாது என்று அடியில் பழுதான கல்லை இட்டிருந்தால் மேலே எழுந்த சுவர் இன்றுவரை நிற்குமா? குடும்பமும் அத்தகையதே. தந்தை மறைவில் செய்வது அடித்தளம். பிள்ளைகள் அதன்மேல் எழும் சுவர்கள்.

பின்னர்க் கலயத்தை எண்ணினான். தான் மகளுக்குச் சொன்னதைத் தானே மறந்ததை உணர்ந்தான். இத்தனை ஆண்டுகள் நேர்மையாக வாழ்ந்தவன் ஒரே வாரத்தில் எவ்வாறு மாறினான்? பாளை மாறவில்லை, கலயம் மாறவில்லை. ஒவ்வொரு நாளும் தடவவேண்டியதை அவன் ஒரு நாள் தடவாது விட்டான். ஜெபம் வாயில் நின்றது. மனத்தின் உட்புறத்தில் படியவில்லை.

ஞாயிறு விடிந்தது. கோயிலுக்குப் புறப்படுமுன் அவன் மகளை அருகில் அழைத்தான். அவள் தயங்கித் தயங்கி வந்தாள். அவன் குனிந்து அவள் கைகளைப் பற்றிக்கொண்டான்.

"அம்மா, நேற்று நீ கேட்டது சரியான கேள்வி. விடை தெரியாமல் அப்பா உன்னை அடித்துவிட்டேன். தப்பு என்னுடையது. என்னை மன்னித்துவிடு."

தந்தையின் கண் கலங்கியதைக் கண்டு சிறுமி திகைத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "அப்படியானால், அந்த மூடையைத் திருப்பிக் கொடுத்துவிடுவோமா, அப்பா?"

மறுநாள் அவன் எஞ்சிய சீனியை வணிகரிடம் திருப்பிக் கொடுத்தான். அவர் நகைத்தார். "பிழைக்கத் தெரியாதவன்" என்றார். செலவான சீனிக்குரிய பணம் அவன் கடனோடு சேர்ந்தது. கலந்து காய்ச்சிய கருப்பட்டியை அவன் மறைக்கவில்லை; இது சீனி கலந்தது என்று சொல்லியே குறைந்த விலைக்கு விற்றான். வாங்க வந்தவர்களுள் சிலர் வாங்காமலே சென்றனர். அற்புதம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. அவனது கடன் தீர மேலும் இரண்டு பதநீர்க் காலம் ஆயிற்று. பனையேற்றம் இல்லாத திங்கள்களில் அவன் கூலிவேலைக்குச் சென்றான். மனைவி ஓலைப்பெட்டி முடைந்து விற்றாள். அந்நாள்களில் அடுப்பு ஒருவேளை மட்டுமே எரிந்ததும் உண்டு.

ஆயினும் அவ்வாண்டு அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கைப் பெட்டியைச் சுமந்து சென்றவள் மகளே. "எந்தக் கருப்பட்டி?" என்று அவள் கேட்கவேண்டியிருக்கவில்லை. வீட்டில் ஒரே வகைக் கருப்பட்டிதான் இருந்தது. கோயிலுக்குப் போனதும் கடைக்குப் போனதும் அதுவே.

சமயங்கள் பல, வழிபாட்டு முறைகளும் பல. ஆனால் ஒருவன் கொண்ட பக்தி மெய்யானதா என்பதைக் கோயிலில் அவன் நிற்கும் நிலையைக்கொண்டு மட்டும் அறிதல் இயலாது. அவன் அளக்கும் படியிலும் விற்கும் பொருளிலும் பிள்ளையிடம் பேசும் சொல்லிலும் அது வெளிப்படும். தவறு செய்யாத தந்தையர் உலகில் அரியர். தவற்றை உணர்ந்து, தன் குழந்தையின் முன்னும் தலை தாழ்த்தத் துணிபவனே பிள்ளைகளுக்கு நல்வழி காட்டுகிறான். பாளையில் சுரப்பது எவ்வளவு இனியதாயினும், கலயத்திற்கு நாள்தோறும் சுண்ணாம்பு வேண்டும்.