சிங்கப்பூர் ரயிலில் அம்மாவுக்குத் தனி கார்டு!

சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு வந்தோம். நான், கணவர், ஐந்து வயது மகன், மதுரையிலிருந்து எங்களோடு வந்திருந்த அம்மா. என் கிரெடிட் கார்டை வாயிலில் வைத்தேன், கதவு திறந்தது. உள்ளே போய், அதே கார்டைப் பின்னால் நின்ற அம்மாவிடம் நீட்டினேன். அவர் வைத்தார். சிவப்பு விளக்கு. மறுபடியும் வைத்தார். மறுபடியும் சிவப்பு. அம்மாவின் பின்னால் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

சிங்கப்பூரில் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை கார்டை வைக்க வேண்டும். யார் எங்கே ஏறினார், எங்கே இறங்கினார் என்று கார்டை வைத்துத்தான் கணக்கு. அதனால் ஒரு கார்டில் ஒருவர்தான் போகலாம். கிளம்புமுன் ஹோட்டல், விசா, சாப்பாடு எல்லாம் தேடிப் பார்த்த எனக்கு இந்தச் சின்ன விஷயம் தெரியவில்லை!

கைப்பையில் என் டெபிட் கார்டு இருந்தது. அதை அம்மாவிடம் கொடுத்தேன். கதவு திறந்தது. பிரச்னை முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

தானா மேராவில் ரயில் மாறி, பூகிஸில் இறங்கினோம். அறை பக்கத்தில்தான். வழியெல்லாம் அம்மா அந்த கார்டை முந்தானையில் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். "இதுல எவ்வளவு போச்சுடி?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வங்கி கார்டை வைத்தால், அந்தப் பயணத்துக்கு எவ்வளவு என்று வாயிலில் காட்டாது. "அப்புறம் வங்கியிலேருந்து மெசேஜ் வரும்மா" என்றேன். அம்மாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. தினமும் வரவு செலவை டைரியில் எழுதாமல் தூங்காதவர் அவர்.

அன்று மாலை மெரினா பே பக்கம் போகக் கிளம்பியபோது அம்மா கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் ரூம்லயே இருக்கேன்."

கால் வலி என்றார். எனக்குத் தெரியும், கால் வலி இல்லை. மதுரையில் அம்மா ஒரு நாள்கூட வீட்டில் இருக்க மாட்டார். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை அல்லவா? அப்பா போன பிறகு அம்மாவை மீட்டது அந்த பஸ்தான் என்று நான் நினைப்பதுண்டு. காலையில் மீனாட்சி கோயில், சாயந்திரம் தங்கச்சி வீடு. யாரிடமும் பத்து ரூபாய் கேட்க வேண்டாம், யாரையும் கூப்பிட வேண்டாம். அப்படிப்பட்டவரின் கையில் என் மொத்தச் சேமிப்பும் இருக்கும் கார்டைக் கொடுத்து, "தொலைச்சிடாதம்மா" என்றும் சொல்லியிருக்கிறேன். எப்படி வருவார்?

அன்றிரவு நானும் கணவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எங்களுக்கு மூன்று வழிகள் தெரிந்தன.

முதலாவது, கையில் இருக்கும் வங்கி கார்டு. 'கான்டாக்ட்லெஸ்' வசதியுள்ள விசா, மாஸ்டர்கார்டு எல்லாம் ரயிலிலும் பஸ்ஸிலும் செல்லும். வரிசையில் நிற்க வேண்டாம், டாப்-அப் வேண்டாம். ஆனால், வெளிநாட்டு கார்டு என்றால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 செண்ட் கூடுதல் கட்டணம். அதற்கு மேல் நம் வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணம் என்றும் எடுத்துக்கொள்ளும். ரிசர்வ் வங்கி 2020-ல் கொண்டுவந்த விதிப்படி, புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பூட்டியே இருக்கும். நாம்தான் வங்கி ஆப்பில் திறந்துவிட வேண்டும். கான்டாக்ட்லெஸ்ஸுக்கும் அதே கதைதான். இதை ஊரிலேயே செய்துவிடுங்கள்.

இரண்டாவது, சுற்றுலாப் பயணிகளுக்கான பாஸ். கணவரின் ஓட்டு இதற்குத்தான். "மூணு நாளைக்கு 29 டாலர். எத்தனை தடவை வேணும்னாலும் ஏறி இறங்கலாம்!" கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால், ஊருக்குள் ஒரு பயணம் பெரும்பாலும் இரண்டு டாலருக்குள் முடிந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை ஏறினால்தான் பாஸ் கட்டுப்படியாகும். குழந்தையும் வயதானவரும் இருக்கும் எங்கள் குடும்பம் போக வர என்று நான்கு முறை ஏறினாலே அதிகம். காலையிலிருந்து இரவுவரை ஊரையே சுற்றப்போகும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது லாபமாக இருக்கலாம்.

மூன்றாவது, அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் ஈஸி-லிங்க் கார்டு. பெரியவர்களுக்கு 10 டாலர். அதில் 5 டாலர் கார்டின் விலை, அது திரும்பி வராது. மீதி 5 டாலர் பயணத்துக்கு. தீர்ந்தால் நிரப்பிக்கொள்ளலாம். வெறும் கணக்கு மட்டும் பார்த்தால், நான்கு நாள் தங்குபவருக்கு இந்த 5 டாலர் நஷ்டம்தான். நம் பணத்தில் முந்நூறு ரூபாய்க்கு மேல்.

ஆனாலும் அம்மாவுக்கு அதைத்தான் வாங்கினோம். காரணம், இந்த கார்டை வைத்தால் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதி என்று வாயிலிலேயே எழுத்தில் தெரியும்.

இதை அற்ப விஷயமாக நினைக்க வேண்டாம். இதற்காக ஒரு நாடே குரல் கொடுத்திருக்கிறது. 2024 ஜனவரி 9 அன்று சிங்கப்பூர் அரசு, இந்தப் பழைய கார்டு முறையை அந்த ஆண்டு ஜூன் மாதம் முதல் நிறுத்திவிட்டு, 'சிம்ப்ளிகோ' என்ற புதிய முறைக்குப் பயணிகளை மாற்றப்போவதாக அறிவித்தது. புதிய முறையில் கணக்கை மொபைல் ஆப்பில் பார்க்கலாம். ஆனால், வாயிலில் மீதித் தொகை தெரியாது. மக்கள், குறிப்பாக ஆப் பக்கம் போகாத பெரியவர்கள், ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டே வாரத்தில், ஜனவரி 22 அன்று, அரசு முடிவை மாற்றிக்கொண்டது. பழைய முறையும் தொடரும். அதற்கு 4 கோடி சிங்கப்பூர் டாலர் கூடுதலாகச் செலவாகும் என்றும் சொன்னது. அம்மாவைப் போல அங்கேயும் எத்தனை அம்மாக்கள்!

அதனால் கார்டு வாங்கும்போது, "வாயிலில் மீதித் தொகை தெரியும் கார்டுதானே?" என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு வகையும் புழக்கத்தில் இருக்கின்றன.

பையனுக்குச் செலவே இல்லை. 90 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு, கூட வரும் பெரியவர் கட்டணம் கட்டினால் போதும். அதைவிட வளர்ந்திருந்தும் ஏழு வயது ஆகவில்லை என்றால், டிக்கெட் அலுவலகத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டிக் குழந்தைகளுக்கான கார்டு வாங்கலாம், பயணம் இலவசம். தன் பெயரில் ஒரு கார்டு என்றதும் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை அம்மா தன் கார்டை வாயிலில் வைத்தார். எண் மின்னியது. நின்று படித்தார். "அஞ்சு டாலர் அப்படியே இருக்கு" என்றார். இறங்கும்போது மறுபடி படித்தார். அன்றிரவு டைரியில் டாலரில் ஒரு பத்தி, ரூபாயில் ஒரு பத்தி. பஸ்ஸில் ஏறினால், எங்களுக்கு முன்னால் எழுந்து நின்று இறங்கும் வாசலில் கார்டை வைத்தார். நாங்கள்தான் கோட்டை விட்டோம். ஒரு பஸ்ஸில் பேச்சு சுவாரஸ்யத்தில் கணவர் கார்டை வைக்காமல் இறங்கிவிட்டார். அப்படிச் செய்தால் அந்த பஸ் போகும் கடைசி நிறுத்தம்வரைக்கும் பணம் பிடித்துக்கொள்வார்கள். வங்கி கார்டில் பயணங்கள் சேர்ந்து ஒரே தொகையாக வந்ததால், ஊருக்கு வந்து கணக்கைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் அதுவே தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை கண் விழித்தபோது அம்மா கட்டிலில் இல்லை. மேஜையில் ஒரு சீட்டு: 'காளி கோயிலுக்குப் போயிட்டு வரேன்.'

எனக்குப் பகீரென்றது. முதல் நாள் நாங்கள் போன அதே வீரமாகாளியம்மன் கோயில்தான். பூகிஸிலிருந்து இரண்டாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. அங்கிருந்து சிராங்கூன் சாலையில் கொஞ்சம் நடை. சிங்கப்பூரில் தமிழும் ஆட்சிமொழி என்பதால் ரயில் நிலையத்து எச்சரிக்கைப் பலகைகளில் தமிழ் இருக்கும். வழி கேட்க அந்தச் சாலை முழுக்கத் தமிழ் பேசும் ஆட்கள் இருப்பார்கள். இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

ஒன்பதரை மணிக்கு அம்மா வந்தார். நெற்றியில் குங்குமம், கையில் ஒரு முழம் மல்லிகை.

"ஏம்மா, சொல்லிட்டுப் போக மாட்டியா?"

"சீட்டு எழுதி வச்சேனே. போக வர ரெண்டரை டாலர் கிட்ட ஆச்சு. கார்டுல இன்னும் பணம் இருக்கு" என்றபடியே டைரியைத் தேடினார்.

குடும்பமாக எந்த நகரத்துக்குப் போனாலும், எது மலிவு என்று மட்டும் பார்க்காதீர்கள். நம்மோடு வருபவரில் யார் தனியாக ஏறி இறங்க ஆசைப்படுவார்கள், அவர்களுக்கு எந்தக் கணக்கு புரியும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கும் கணவருக்கும் வங்கி கார்டு போதுமானதாக இருந்தது. அம்மாவுக்கு அந்த 5 டாலர் நஷ்டம்தான் சிங்கப்பூரையே காட்டியது.

ஊர் திரும்பும்போது கார்டில் சில டாலர்கள் மிச்சமிருந்தன. "குடும்மா, மாத்திடலாம்" என்று கை நீட்டினேன். அம்மா தரவில்லை. இப்போது அது மதுரையில், டைரியின் நடுப்பக்கத்தில் இருக்கிறது.